கூரையில்லாத பட்டி

லே

லே கடைவீதியில் பனிச்சிறுத்தை இல்லாத கடையைத் தேடிப் பிடிக்க வேண்டும். சட்டையில், கம்பளிக் குல்லாயில், காபிக் கோப்பையில், விடுதிகளின் பெயர்ப்பலகையில் என்று நீண்ட வாலைச் சுருட்டிக்கொண்டு அது எங்கும் உட்கார்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் வெளிவந்த நாட்டின் முதல் முழுமையான கணக்கெடுப்பு, இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டது. அவற்றில் 477 லடாக்கில். அந்த எண்ணைச் சொல்லும்போதே இங்குள்ள பயண முகவர்களுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது.

உயரத்துக்கு உடம்பு பழகும்வரை ஊரைவிட்டு நகரக் கூடாது. அதனால் சந்தை ஓரத்தில் கீரையும் உலர்ந்த பாதாமியும் விற்கும் பெண்களோடு நிறையப் பேசக் கிடைத்தது. அவர்களில் வயதில் மூத்த ஒருவர், கையில் ஜெபச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே என் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் சிறுமியாக இருந்தபோது யாரும் அதன் படத்தை வீட்டில் மாட்டவில்லை. ஆடு வைத்திருக்கிறவர்களிடம் போய்க் கேள்."

நான் வந்ததும் அதற்காகத்தான். எனக்கு நீலகிரியில் கூடலூர். 2021 செப்டம்பரிலும் அக்டோபரிலும் டி-23 என்று எண்ணிட்ட புலி எங்கள் பக்கத்தில் மனிதர்களையும் மாடுகளையும் அடித்துக்கொண்டிருந்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை. சுடலாமா கூடாதா என்று தொலைக்காட்சியில் வாதாடினார்கள், நீதிமன்றத்தில் வாதாடினார்கள். கடைசியில் அக்டோபர் 15 அன்று மசினகுடிப் பகுதியில் மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். புலி பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வாதங்கள் எதிலும், ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைத்தவள் அடுத்த நாள் காலையில் சொசைட்டிக்கு ஊற்றப் பாலுக்கு எங்கே போவாள் என்ற கேள்வி வரவே இல்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கொல்லும் விலங்கோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்கிற இன்னொரு மலையில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்க விரும்பினேன்.

ரும்பக்

ஜிங்செனிலிருந்து ஓடையை ஒட்டி ஏறும் பாதையில் காட்டு ரோஜா பூக்கத் தொடங்கியிருந்தது. ஓடைக்கரை மட்டும் பச்சை. மற்றதெல்லாம் பாறை, ஊதா, துருச் சிவப்பு, சாம்பல் என்று மடிப்பு மடிப்பாகச் செங்குத்தாக நிற்கும் பாறை. வழிகாட்டியாக வந்த இளைஞர் சட்டென்று நின்று எதிர்ச் சரிவைக் காட்டினார். வெகுநேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாறையின் ஒரு பகுதி நகர்ந்தது. பரல் ஆடுகள், இருபதுக்கு மேல். பனிச்சிறுத்தையின் முதல் உணவு இவைதான். இரண்டாவது உணவு, நாங்கள் போய்க்கொண்டிருந்த ஊரின் பட்டிகளில் இருந்தது.

ரும்பக் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதால், கடைசி ஏற்றத்தில் என் மூச்சு பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள், பார்லியும் பட்டாணியும் முளைவிட்டிருந்த சிறு வயல்கள், வெள்ளையடித்த ஸ்தூபி. 1981இல் அறிவிக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இந்த ஊர் இருக்கிறது. எங்கள் பக்கம் வனத்துக்குள் இருக்கும் ஊர் என்றால் அதை எப்போது வெளியே எடுப்பது என்பதுதான் பேச்சு. இங்கே ஊர் ஊராகவே இருக்கிறது.

நான் தங்கிய வீட்டின் தலைவியை எல்லோரும் ஆமா-லே என்றார்கள். அம்மா என்பதை மரியாதையோடு சொல்வது. நானும் அப்படியே கூப்பிட்டேன். சமையலறைதான் வீட்டின் நடு. வறட்டி எரியும் இரும்பு அடுப்பு, சுவர் முழுக்கத் தட்டுகளில் பளபளக்கும் பித்தளைப் பாத்திரங்கள். மாவைக் கட்டை விரலால் அழுத்திச் சிறு சிப்பிகளாக்கி, முள்ளங்கி, உருளைக்கிழங்கோடு கொதிக்கவிட்டு ஸ்க்யூ செய்தார். உப்பும் வெண்ணெயும் கலந்த குர்குர் சாவைக் கோப்பை குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தார். முதல் வாய்க்கு ரசம்போல இருந்தது. குளிர் எலும்புக்குள் இறங்கிய பிறகு, அதைவிட்டால் வேறு எதுவும் குடிக்கத் தோன்றவில்லை.

அந்த இரவில்தான் பழைய கதையைச் சொன்னார். கல்யாணமாகி வந்த சில ஆண்டுகளில் நடந்தது. அப்போது பட்டி என்றால் இடுப்புயரக் கல்சுவர், பாதிக்குமேல் சுள்ளி போட்ட கூரை, நடுவே திறப்பு. ஷன் (அவர்கள் பனிச்சிறுத்தையை அப்படித்தான் சொல்கிறார்கள்) மலைச்சரிவிலிருந்து நேராகக் கூரைக்கு வந்து அந்தத் திறப்பு வழியாக உள்ளே குதித்துவிட்டது. ஒரு ஆட்டை அடித்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் ஒரு ஆட்டோடு போயிருக்கும். வெளியே ஏற வழியில்லை. ஆடுகள் மிரண்டு சுவருக்குச் சுவர் ஓடின. ஓடுவதையெல்லாம் அது அடித்தது. விடிந்து கதவைத் திறந்தபோது ஒரு மந்தையே கிடந்தது, மூலையில் அது இரத்தம் குடித்த மயக்கத்தில் படுத்திருந்தது.

"பிறகு?" என்றேன்.

"பிறகு என்ன, ஊர் கூடியது," என்றார். கல்லெடுத்தார்கள் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. பால் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் குளிர்காலத்துக்குக் கம்பளி இல்லை, இறைச்சி இல்லை, விற்க ஒன்றும் இல்லை. மாமனார் அதற்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை," என்று முடித்துக்கொண்டார்.

காலையில் இப்போதைய பட்டியைக் காட்டினார். ஆள் உயரத்துக்குமேல் எழுப்பிய கல்சுவர். குறுக்கே பாப்ளர் கட்டைகள். அவற்றின்மேல் கம்பி வலையை இழுத்துக் கட்டி, ஓரங்களைச் சுவருக்குள் மடித்துக் கல்லேற்றியிருக்கிறார்கள். கதவுக்கும் நிலைக்கும் இடையே என் சுண்டுவிரல் நுழையவில்லை. தாழ்ப்பாள் இரட்டை. வலையில் ஒரு இடத்தில் கம்பி வளைந்து குழிந்திருந்தது. "வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது," என்றார், பக்கத்து வீட்டுக்காரர் வந்துபோனதைச் சொல்வதுபோல.

இந்த வலைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். ரின்சென் வாங்சுக், லடாக்கின் மலையேற்ற வீரர். அமெரிக்க ஆய்வாளர் ரோட்னி ஜாக்சனோடு இந்தப் பள்ளத்தாக்குகளில் நடந்து, எந்தப் பட்டியில், எந்த வழியாக, எத்தனை ஆடுகள் போயின என்று வீடுவீடாகக் கேட்டவர். அப்படிக் கேட்டதில் ஒன்று தெளிவானது. மலையில் மேயும்போது ஒன்றிரண்டாகப் போவது ஒருபுறம். மனிதர்களைக் கல்லெடுக்க வைப்பது, பட்டிக்குள் ஒரே இரவில் நடக்கும் பேரழிவு. அதை நிறுத்தக் கம்பி வலையும் கட்டையும் கதவும் போதும். அவருடைய பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அறக்கட்டளை வலையையும் கட்டையையும் கதவையும் கொடுக்கும். கல்லும் மண்ணும் உழைப்பும் ஊருடையது. 2000களின் தொடக்கத்தில் ரும்பக்கில்தான் வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் ஏற்பாட்டையும் தொடங்கினார்கள். விருந்தினர் எந்த வீட்டுக்குப் போவது என்பது முறைவைத்து நடக்கிறது. நல்ல வீடு, பெரிய வீடு என்று யாரும் பொறுக்க முடியாது. வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுவுக்குப் போகிறது. ரின்சென் 2011இல் நோயால் இறந்துபோனார். ஆமா-லே வீட்டுச் சுவரில் தலாய் லாமாவின் படத்துக்குக் கீழே, சற்றுத் தள்ளி, ஒரு குழுப் புகைப்படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ரும்பக்குக்கு மேலே

கோடையில் மாடுகள் ஊரில் இருப்பதில்லை. மேலே ஃபூ என்னும் உயர்ந்த மேய்ச்சல் வெளிக்குப் போய்விடுகின்றன. ஆமா-லேயின் நாத்தனார் அங்கே கல்குடிசையில் தங்கி ஸோமோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாக்குக்கும் நாட்டு மாட்டுக்கும் பிறந்த கலப்பினப் பசு ஸோமோ. பால் கெட்டியாக, லேசான மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவர் தந்த தயிரில் கம்பீர் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டேன். மிச்சப் பாலைக் காய்ச்சி, சுர்பே என்னும் கட்டிக்காகத் துணியில் வடித்துக் கூரையில் காயப் போட்டிருந்தார்.

அந்த உயரத்தில், அந்தப் பால் மணத்தில், எனக்கு ஊட்டிக்கு மேலே இருக்கும் தோடர் மந்துகள் நினைவுக்கு வந்தன. அங்கே எருமைதான் வழிபாடு, எருமைதான் வாழ்வு. புல்வெளியில் மேயப் போன எருமைகளைப் புலி அடிக்கிறது. எருமை போனால் தோடர்களுக்குப் போவது பணம் மட்டுமில்லை. எங்கள் ஊர் இழப்பீட்டு விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமும் கிடையாது.

"வலை போட்ட பிறகு நிம்மதிதானே?" என்று நாத்தனாரிடம் கேட்டேன்.

"இரவுக்கு நிம்மதி. பகலுக்கு யார் வலை போடுவது?" என்றார். சில நாட்களுக்கு முன்னால்தான் ஒரு கன்று போயிருந்தது. என்னை அழைத்துப்போய் அந்த இடத்தைக் காட்டினார். பாறை அடியில், சரளையைப் பின்னங்காலால் கீறிக் குவித்த தடம் ஒன்று இருந்தது, சிறுநீர் வாடையோடு. அவர் அதைச் செருப்பால் தொட்டுவிட்டுச் சொன்னார்: "வருகிற விருந்தாளிகளுக்கு ஷன் வேண்டும். எனக்கு வேண்டாம். கொல்லவும் மாட்டேன். ஆனால் பிடிக்கும் என்று என்னைச் சொல்லச் சொல்லாதே."

இந்தப் பயணத்தில் நான் கேட்ட பேச்சுகளில் இதையே நான் அதிகம் நம்புகிறேன். இமயத்து மக்கள் பௌத்தர்கள், அதனால் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று சமவெளியில் சுலபமாக எழுதிவிடுகிறோம். பொறுமைக்கு ஒரு செலவு இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் கிப்பர் பகுதியில் ஆய்வாளர் சாருதத் மிஸ்ரா 1990களில் ஆய்வு செய்து எழுதியதைப் படித்தால் அது புரியும். 18 மாதங்களில் 189 கால்நடைகளைக் காட்டு விலங்குகள் கொன்றதாக மக்கள் சொன்னார்கள். அவர்களிடம் இருந்ததில் 18 சதவீதம். ஒரு குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்பு, ஓர் ஆள் ஓராண்டில் ஈட்டும் சராசரி வருமானத்தில் பாதி. அந்தக் கிப்பரில்தான் 2002இல் மக்களே நடத்தும் கால்நடைக் காப்பீடு தொடங்கியது. மாட்டுக்கு இவ்வளவு என்று வீடுகள் பணம் கட்டுகின்றன, வெளியிலிருந்து கொஞ்சம் உதவி வருகிறது. எது பனிச்சிறுத்தை அடித்தது, எது தானாகச் செத்தது என்பதை ஊர்க்காரர்களே உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் பொய் சொல்வது கடினம். சொன்னதை நிரூபிக்கப் புகைப்படமும் மூன்று கையெழுத்தும் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

இதெல்லாம் செய்தால் தீர்ந்துவிடும் என்றும் யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு காலத்தில், பரல் ஆடுகள் பெருகினால் சிறுத்தை வீட்டு ஆடுகளை விட்டுவிடும் என்று நம்பினார்கள். பின்னால் குல்பூஷண்சிங் சூர்யவன்ஷியும் மற்றவர்களும் செய்த ஆய்வு, பரல் பெருகினால் சிறுத்தையும் பெருகும், வீட்டு ஆடுகளுக்கு ஆபத்தும் கூடலாம் என்று காட்டியது. காட்டை நன்றாகக் காத்தால் காவல்காரனின் வேலை கூடுகிறது. காட்டைக் காக்கச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

சாங் லா

ரும்பக்கிலிருந்து திரும்பி, பாங்கோங் ஏரிக்குப் போகும் வழியில் 5,300 மீட்டருக்கு மேலே இருக்கும் சாங் லா கணவாயில் பனி, ராணுவ லாரிகள், பிரார்த்தனைக் கொடிகள், தலைவலி. நிற்காமல் இறங்கினோம். பாங்கோங் ஏரியின் நீலத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஏரியின் தெற்குக் கரையில் மேராக்கைத் தாண்டிய பிறகு சுற்றுலா வண்டிகள் குறைந்துவிடுகின்றன, காட்டுக் கழுதைகளான கியாங் கூட்டங்கள் தென்படத் தொடங்குகின்றன. அதுதான் சாங்தாங் மேட்டுநிலத்தின் வாசல்.

சுஷுல்

சுஷுல் என்றதும் 1962 நினைவுக்கு வரும். ரெசாங் லாவில் மேஜர் சைத்தான் சிங்கும் அவருடைய வீரர்களும் மடிந்த அந்த நவம்பர். இங்கே மேய்ப்பவர்களுக்கு எல்லை என்பது பழங்கதையாகிவிடவில்லை. 2020 மோதலுக்குப் பிறகு குளிர்கால மேய்ச்சல் நிலங்கள் சிலவற்றுக்குள் இப்போது போக முடிவதில்லை என்று வருந்தினார்கள். நிலம் சுருங்கினால் மந்தைகள் நெருங்கும். மந்தைகள் நெருங்கும் இடத்துக்கு ஓநாய் வரும்.

நாங்கள் போனது பஷ்மினா சீவும் பருவம். கறுப்புக் கூடாரத்துக்கு வெளியே ஒரு பெண் வெள்ளாட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கால்களைக் கயிற்றால் கட்டி, நீண்ட வளைந்த பற்களுள்ள இரும்புச் சீப்பால் கழுத்திலிருந்து வயிறுவரை இழுத்தார். முரட்டு மேல்முடிக்கு அடியிலிருந்து புகைபோல ஒரு பொருள் சீப்பில் திரண்டு வந்தது. கையில் தந்தார். எடை தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. ஓர் ஆட்டில் கிடைப்பது சில கைப்பிடிதான். ஸ்ரீநகரில் சால்வையாகும்போது அதன் விலை எங்கேயோ போய்விடும். இந்தப் பெண்ணுக்கு ஒரு ஆடு போனால் போவது இந்த ஆண்டின் கைப்பிடி மட்டுமில்லை, இனி ஒவ்வொரு கோடையிலும் கிடைக்க வேண்டியதும்தான்.

ஓநாயைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. பனிச்சிறுத்தையைப் பற்றிப் பேசும்போது ரும்பக்கில் கோபத்துக்குள் ஒரு மரியாதை இருந்தது. இங்கே ஷங்குவுக்கு, அதாவது ஓநாய்க்கு, அது இல்லை. ஸ்பிதியில் செய்த ஆய்விலும் இப்படித்தான் தெரியவந்தது: அதிகம் கொன்றது பனிச்சிறுத்தை, மக்கள் அதிகம் அஞ்சியதும் வெறுத்ததும் ஓநாயை.

அந்த வெறுப்பின் உருவத்தை ஒரு பெரியவர் எனக்குக் காட்டினார். ஆபா-லே என்று அவரை அழைத்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் கல்லால் கட்டிய வட்டக் குழி. ஷங்தோங் என்று பெயர். மேலே வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் இருக்கும்படி சுவரை உட்புறமாகச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். சாந்து கிடையாது; கல்மேல் கல் மட்டும். ஆனால் அந்தச் சாய்வு அத்தனை துல்லியம். உள்ளே உயிருள்ள ஆட்டையோ குட்டியையோ விடுவார்கள். ஓநாய் குதித்துவிடும். ஏற முடியாது, எந்தப் பக்கம் தாவினாலும் சுவர் தலைக்குமேல் வரும். காலையில் ஊர் வரும்.

"எந்த வீட்டு ஆட்டை விடுவது என்று முறை உண்டு," என்றார் ஆபா-லே. "என் வீட்டு முறை வந்தபோது என் மனைவி அழுதாள். பிடிபட்ட ஓநாயின் தோலில் வைக்கோல் அடைத்து ஊர் ஊராக எடுத்துப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மாவு, வெண்ணெய், கம்பளி தருவார்கள். பாவம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாவத்துக்கு அடுத்த பிறவிவரை நேரம் இருக்கிறது, குளிர் நவம்பரிலேயே வந்துவிடும்."

2018இல் சுஷுல் மக்கள் தங்கள் ஷங்தோங்குகளைச் செயலிழக்கச் செய்தார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் நீண்ட காலம் ஊரோடு பேசினார்கள், பௌத்த குருவான பகுலா ரங்தோல் நியிமா ரின்போச்சே வந்தார். குழிகளை இடித்துத் தரைமட்டமாக்கவில்லை. அவை முன்னோர் கட்டியவை. கைத்திறனும் கண்ணீரும் கலந்தவை. சுவரில் ஒரு பக்கம் கற்களை எடுத்து, விழுந்த விலங்கு ஏறிப்போக வழிவிட்டார்கள். அருகில் ஒரு ஸ்தூபியை எழுப்பினார்கள். இதுவரை அங்கே செத்த ஓநாய்களுக்காகவும், ஓநாயிடம் செத்த ஆடுகளுக்காகவும் சேர்த்தே வேண்டிக்கொண்டதாக ஆபா-லே சொன்னார். பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் நான் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். செத்த ஆட்டுக்காகவும் ஒரு நிமிடம் ஒதுக்கிய கூட்டம் எதுவும் என் நினைவில் இல்லை.

இப்போது ஓநாய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கையைத் தூக்கி, ஊருக்கு அப்பால் குப்பைமேட்டைக் காட்டினார். அங்கே நாய்கள். "முதலில் அவற்றைப் பார். ஓநாய் பசித்தால் வரும். இவை எப்போதும் இருக்கின்றன." முகாம்கள், விடுதிகள், ஊர்கள் ஆகியவற்றின் எச்சில் சோற்றில் பெருகிய நாய்கள் கூட்டம் கூட்டமாக வெளியே போய்க் குட்டிகளை அடிக்கின்றன. சில சமயம் மனிதர்களையும். லடாக் முழுக்க இந்தப் புகார் கேட்டது. காட்டு விலங்கின் கணக்கில் எழுதப்படும் சாவுகளில் எத்தனை இந்த நாய்களுடையவை என்று அங்கே பலரும் கேட்கிறார்கள். எச்சிலைக் கொட்டுகிற எங்களைப் போன்ற பயணிகளுக்கும் அந்தக் கேள்வியில் பங்கு உண்டு.

மஹே

சிந்து நதி மஹே அருகே அகலமாக, ஆழமில்லாமல், பச்சைக் கரைகளுக்கிடையே ஓடுகிறது. கரையை ஒட்டி சாங்தாங்கின் நாடோடி மேய்ப்பர்களான சாங்பாக்களின் குடும்பம் ஒன்று கூடாரம் போட்டிருந்தது. கணவன், மனைவி, அவனுடைய தம்பி. கூடாரத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பங்களில் கட்டிய வலைப்பட்டி. இடம் மாறும்போது கழற்றி லாரியில் ஏற்றிக்கொள்ளலாம். கல்பட்டி கட்டி உட்கார முடியாதவர்களுக்கு இது பேருதவி.

சாயங்காலம் துக்பா குடித்துக்கொண்டே, எங்கள் ஊர்ப் புலியைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். புலியின் அளவைக் கேட்டுத் தம்பி வியந்தான். கணவர் கேட்டது வேறு: "மாடு செத்த அன்றைக்கு அந்த வீட்டுக்கு யார் வந்தார்கள்?"

அக்கம்பக்கத்தார் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள் என்றேன். இழப்பீடு கேட்டு மனு எழுதினார்கள், பணம் எப்போதோ வந்தது, அதில் பாதி மாடுகூட வாங்க முடியாது என்றும் சொன்னேன்.

"அடுத்த நாள் பால்?"

பக்கத்து வீட்டில் குழந்தைக்கு மட்டும் கொடுத்தார்கள்.

அவர் தலையாட்டினார். அவர்கள் பக்கம், ஒரு வீட்டில் நிறையப் போய்விட்டால், சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டைக் குட்டியைக் கொடுத்து மந்தையை மறுபடி தொடங்க வைப்பார்களாம். "ஆனால் கொடுப்பதற்கு மந்தை வைத்திருக்கிறவர்கள் இருக்க வேண்டும்," என்றார் மனைவி, அடுப்பில் வறட்டியைத் தள்ளிக்கொண்டே. அவருடைய இரு அண்ணன்களும் ஆடுகளை விற்றுவிட்டு லேக்குப் போய்விட்டார்கள். மகன் அங்கேதான் பள்ளியில் படிக்கிறான், விடுமுறைக்கு மட்டும் வருகிறான். கூலிக்கு மேய்க்க வந்த ஆள், சாலைப் பணியில் அதிகம் தருகிறார்கள் என்று போய்விட்டான். பகலில் மந்தையின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நடக்க வேண்டும். இப்போது ஒருவர்தான். ஓநாய்க்கு அது தெரியும் என்றார்.

காலையில் அவர்கள் இடம் மாறினார்கள். வலையைக் கம்பங்களிலிருந்து அவிழ்க்க மூன்று பேர் போதவில்லை. ஒரு நுனியை என்னிடம் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார் அந்தப் பெண். சுருட்டி லாரியில் ஏற்றிய பிறகு, கிழிந்திருந்த இரண்டு இடங்களில் சுண்ணாம்பால் அடையாளம் வைத்தார். போகிற இடத்தில் பொழுது சாய்வதற்குள் அவற்றைத் தைத்துவிட வேண்டும், அந்தப் பக்கம் சென்ற வருடமே ஓநாய்க்குட்டிகளைப் பார்த்திருக்கிறோம் என்றார்.